பால், முட்டை, கறி விட்டுத் தாவர உணவுக்கு மாறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சைவம் சாப்பிடுகிறேன். இதிலிருந்து தாவர உணவு எப்படி வேறுபடுகிறது?

நம் ஊரில் சைவம் என்றால் கறி, மீன், முட்டை இல்லை என்று அர்த்தம். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எல்லாம் சைவத்துக்குள் வந்துவிடும். அவற்றையும் விட்டால்தான் தாவர உணவு. தமிழில் இதை நனிசைவம் என்கிறார்கள். பேச்சில் ‘வீகன்’ என்ற சொல்தான் ஓடுகிறது. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் ‘புலால் மறுத்தல்’. அங்கேயும் பேச்சு ஊனைப் பற்றித்தான், பாலைப் பற்றி அல்ல. ஆகவே பாலை விடுவது நமக்குப் புதுப் பழக்கம். கறி சாப்பிட்டுப் பழகிய வீட்டைவிட, மூன்று வேளையும் பால் புழங்கும் சைவ வீட்டில்தான் இது அதிகமாக உறுத்தும்.

என்ன காரணத்துக்காக மாறுகிறேன் என்பது அவ்வளவு முக்கியமா? எல்லாரும் விடுவது ஒன்றைத்தானே?

முக்கியம். எதை எவ்வளவு கறாராக விடவேண்டும், எதில் தளரலாம் என்பதை அந்தக் காரணம்தான் முடிவு செய்கிறது. நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குக் கொலஸ்ட்ரால். பிஸ்கட்டில் இருக்கும் ஒரு சிட்டிகை பால் பவுடர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நெய்யை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்குப் போனால் அவர் மாறியதே வீண்.

இன்னொருவர் மாடுகளுக்காக மாறுகிறார். தேங்காய் எண்ணெயில் பொரித்த சிப்ஸ் அவர் கொள்கைக்கு இடிக்காது. மாத்திரையின் ஜெலட்டின் கூடு இடிக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

மூன்றாமவருக்குப் பால் செரிக்கவில்லை. அவர் தயிரையும் நெய்யையும் விடவேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம்.

நான்காமவருக்குப் பால் ஒவ்வாமை. ‘பால் துகள் கலந்திருக்கலாம்’ என்று பொட்டலத்தில் போட்டிருக்கும் சிறு எழுத்து மற்ற மூவருக்கும் பெரிதல்ல, இவருக்கு அது உயிர் விஷயம்.

காரணத்தை ஒரு வரியில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். இரண்டு மூன்று காரணங்கள் இருந்தால் எது முதலாவது என்று குறியுங்கள். மூன்றாவது மாதத்தில் சலிப்பு வரும்போது, எந்த விதியைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக்கூடாது என்று அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். பாதியில் விடுகிறவர்கள் பலர், தங்கள் காரணத்துக்குத் தேவையே இல்லாத விதிகளைச் சுமந்து களைத்தவர்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது. முழுவதும் நிறுத்த வேண்டுமா?

முதலில் சோதித்துப் பாருங்கள். பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குறையும்; ஆசியாவில் இது சர்வ சாதாரணம். 200 மி.லி. பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. தயிர் உறையும்போது அதில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நெய்யில் அநேகமாக இல்லை.

இரண்டு வாரம் பாலும் பால் பொருளும் இல்லாமல் இருங்கள். பிறகு ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடியுங்கள். சில மணி நேரத்தில் இரைச்சலும் உப்புசமும் வந்தால் லாக்டோஸ்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று நாள் விட்டுத் தயிரைச் சோதியுங்கள். தயிர் ஒத்துக்கொண்டால் உடம்பைப் பொறுத்தவரை தயிரை விடக் காரணம் இல்லை.

உதடு வீங்குவது, தோல் தடிப்பது, மூச்சு இழுப்பது போன்றவை இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. அது பால் புரதத்துக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். நேராக மருத்துவரிடம் போகவேண்டும்.

கொலஸ்ட்ராலுக்காகவும் சர்க்கரைக்காகவும் மாறினால் பலன் கிடைக்குமா?

தட்டில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. பூரி, உருளைக்கிழங்கு மசால், சிப்ஸ், மைதா பரோட்டா, வெள்ளைச் சோறு, சர்க்கரை போட்ட கடுங்காபி ஆகியவற்றை மட்டுமே சாப்பிட்டும் ஒருவர் ‘தாவர உணவுக்காரர்’ ஆகலாம். அவர் சர்க்கரை இறங்காது.

கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது முக்கியமாக நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் அது ஏறக்குறைய 60 சதவீதம், பாமாயிலில் பாதி. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் 20 சதவீதத்துக்குள். எனவே இந்தக் காரணத்துக்காக மாறுகிறவர்கள் சமையலுக்கு நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெயை வைத்துக்கொண்டு, தேங்காய்ப்பால் குழம்பை வாரம் ஒரு நாளோடு நிறுத்துவது நல்லது. சோற்றின் அளவைக் குறைத்துச் சுண்டலும் கூட்டும் கூடவேண்டும். கொலஸ்ட்ரால் மாற்றம் இரண்டு மூன்று மாதத்தில் பரிசோதனையில் தெரியும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை அதற்கு முன்பு பார்த்துப் பயனில்லை.

கறி விடுவது புரிகிறது. பாலில் என்ன உயிர்க்கொலை?

விலங்குகளுக்காக மாறுகிறவர்களை எல்லாரும் கேட்கும் கேள்வி. மாடு கன்று போட்டால்தான் கறக்கும்; தொடர்ந்து கறக்க மீண்டும் மீண்டும் சினைப்பட வேண்டும், பல இடங்களில் சினை ஊசி மூலம். பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளைக் கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு, அதிலும் கலப்பினக் காளைக்கு, வேலை இல்லை. பால் வற்றிய மாட்டுக்கும் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. இரண்டும் கடைசியில் பெரும்பாலும் அடிமாடாக விற்கப்படுகின்றன. எருமையின் கதையும் இதேதான். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி பாலைப் பெருக்கியது, லட்சக்கணக்கான வீடுகளுக்கு வருமானம் தந்தது. கூடவே இந்தக் கணக்கையும் பெருக்கியது. இரண்டும் உண்மை. வீட்டுத் தொழுவத்தில் இரண்டு மாடு வைத்திருக்கும் உறவினரிடம் இதைப் பேசும்போது முதல் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரேயடியாக மாறலாமா, படிப்படியாகவா?

மூன்று பேரில் இரண்டு பேருக்குப் படிப்படிதான் ஒத்துவரும் என்பது எங்கள் கணிப்பு. புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாமல் இருந்தவர்களுக்கும், மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்தவர்களுக்கும் பாதி வழி ஏற்கெனவே தெரியும். ஆனால் அந்த மாதங்களில் கறியின் இடத்தைப் பாலும் தயிரும் நிரப்பியிருக்கும். இப்போது அதுவும் போகிறது.

முதல் இரண்டு வாரம் கறி, மீன், முட்டையை நிறுத்தி, அந்த வேளையில் கட்டாயம் ஒரு பயறு வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் குடிக்கும் பால்: காபி, டீ, ராத்திரிப் பால். அதற்கடுத்து நெய், வெண்ணெய், பனீர். தயிரைக் கடைசிக்கு வையுங்கள். தயிர்சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாத ஊர் இது. அதை முதலில் வெட்டினால் பத்தாம் நாளே திரும்பிவிடுவீர்கள்.

மாறுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை தேவையா?

தேவை. முழு ரத்த எண்ணிக்கை, பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, கொழுப்பு அளவுகள், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆகியவற்றைப் பாருங்கள். பி12 மாத்திரை போடத் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிட வேண்டும். போட்ட பிறகு பார்த்தால் அளவு ஏறித் தெரியும், பழைய குறை மறைந்துவிடும். பால் குடிக்கும் சைவர்களிலேயே பி12 குறைவு நம் நாட்டில் நிறைய. முதல் பரிசோதனை இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் குறைவுக்குப் புது உணவின்மேல் பழி விழும். அதற்குப் பின் ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

தினம் அரை லிட்டர் பால் குடித்தவன். அது போனால் என்ன போகிறது?

ஏறக்குறைய 16 கிராம் புரதம், 600 மி.கி. சுண்ணாம்புச் சத்து, 2 மைக்ரோகிராம் பி12. மாற்று வைக்கவேண்டியது இந்த மூன்றுக்கும்தான். புரதத்துக்குப் பயறு போதும், சுண்ணாம்புச் சத்துக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். பி12-க்குச் சமையலறையில் பதில் கிடையாது.

புரதம் போதுமா? சாம்பார்தான் தினம் இருக்கிறதே?

சாம்பாரை நம்பாதீர்கள். ஒரு கரண்டி சாம்பாரில் 10 முதல் 15 கிராம் பருப்பு இருந்தால் அதிகம். அதில் புரதம் 3 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு, உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடைக்கு 50 கிராம். பயறுப் புரதம் பால் அளவுக்கு முழுமையாகச் செரிக்காது என்பதால் 60 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரு நாள் கணக்கு: காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் 9 கிராம். மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு 7, பாசிப்பருப்பு 30 கிராம் போட்ட கூட்டு 7. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை 7. இரவு இரண்டு சப்பாத்தி 6 அல்லது 7, 25 கிராம் மீல்மேக்கர் போட்ட குழம்பு 13. கூட்டினால் 60 வந்துவிடும். இதிலிருந்து சுண்டல், வேர்க்கடலை, மீல்மேக்கர் மூன்றையும் எடுத்துப் பாருங்கள், 30-ல் நிற்கும். ‘சோறு, சாம்பார், பொரியல் சாப்பிடுகிறேன், ஆனாலும் அசதி’ என்கிறவர்களின் தட்டு அதுதான்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. ஒரே வேளையில் சேரவேண்டும் என்றில்லை. ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும்.

பி12 பழைய சோற்றிலும் புளித்த இட்லி மாவிலும் இருக்கிறதாமே?

நம்பி இருக்கும் அளவுக்கு இல்லை. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். முருங்கைக்கீரையிலும் கருவேப்பிலையிலும் கிடையாது. பி12-ஐ உண்டாக்குவது நுண்ணுயிர்கள். விலங்குக்கு அவற்றிடமிருந்து வருகிறது, நமக்கு விலங்கிடமிருந்து வந்துகொண்டிருந்தது. விலங்கை விட்டால் மாத்திரைதான் வழி. இதைக் கொள்கைத் தோல்வியாகப் பார்க்கத் தேவையில்லை. மாத்திரையில் இருப்பதும் நுண்ணுயிர் செய்ததுதான்.

அளவு: பெரியவர்களுக்குச் சயனோகோபாலமின் என்ற பி12 வகை தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒரு முறை 2000 மைக்ரோகிராம். எண்ணிக்கை இவ்வளவு வித்தியாசப்படக் காரணம் இருக்கிறது. குடல் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் வரைதான் தன் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளும். மீதியில் 1 சதவீதம்தான் தானாகக் கசிந்து சேரும். 2000-ல் 1 சதவீதம் 20. ஒரு வாரத்துக்குச் சரியாகிவிடுகிறது. நம் மருந்துக்கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மீத்தைல்கோபாலமின் என்ற இன்னொரு வகை, 500 அல்லது 1500. அதை எடுப்பதானால் எத்தனை நாளுக்கு ஒன்று என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே குறைவு இருந்தால் மேலே சொன்ன அளவு போதாது. ஊசியோ கூடுதல் அளவோ தேவைப்படலாம்.

ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளியே தெரிய ஆண்டுக்கணக்காகும். அதுதான் ஆபத்து. ‘மூன்று வருஷமாக மாத்திரை இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பவர் பழைய சேமிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறார். கால் விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நாக்கு எரிச்சல், மறதி, தள்ளாட்டம் இவை அறிகுறிகள். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை தெரியாமலே நரம்பு பாதிக்கப்படலாம். நரம்புச் சேதம் முற்றினால் முழுதாகத் திரும்பாது.

சுண்ணாம்புச் சத்தும் இரும்பும்?

பெரியவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து நாளுக்கு 1000 மி.கி. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350, முருங்கைக்கீரை 100 கிராமில் 300-க்கு மேல். எள்ளில் இன்னும் அதிகம், ஆனால் தோலோடு இருக்கும் ஆக்சலேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும். பசலைக்கீரையிலும் அதே சிக்கல்: அட்டவணையில் எண் பெரிதாக இருக்கும், உடம்பில் சேர்வது சொற்பம். கேழ்வரகை மாவாகக் களி கிண்டுவதைவிட, முளைகட்டியோ புளிக்கவைத்துக் கூழாகவோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். புளிப்பு, சத்தைப் பூட்டிவைக்கும் ஃபைட்டேட்டை உடைக்கிறது. டோஃபு வாங்கும்போது கால்சியம் சல்பேட்டால் உறையவைத்ததா என்று பாருங்கள். எலுமிச்சையால் உறையவைத்ததில் சுண்ணாம்புச் சத்து குறைவு.

இரும்பு ஆணுக்கு 19 மி.கி., மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 29. தாவரத்தில் இருக்கும் இரும்பு சுலபமாக உள்ளே போகாது. கூட வைட்டமின் சி இருந்தால் போகும். அடுப்பை அணைத்த பின் எலுமிச்சை பிழிவது, தட்டில் ஒரு நெல்லிக்காய்த் துண்டு, கொய்யா, இவை போதும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதுதான் நம் வீடுகளில் இரும்புக்கு முதல் எதிரி. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

காபி இல்லாமல் முடியாது. சோயா பால் ஊற்றினால் திரிகிறதே?

டிக்காஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயா புரதத்தைத் திரிக்கின்றன. பாலைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி, அதில் டிக்காஷனைச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். கறுக்க வறுத்த தூளில் புளிப்பு குறைவு. அப்படியும் திரிந்தால் டம்ளருக்குக் கடுகளவு சமையல் சோடா.

வீட்டில் சோயா பால்: 150 கிராம் சோயாவை 8 மணி நேரம் ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு 5 நிமிடம் வைத்து வடித்து, ஒரு லிட்டர் வெந்நீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் பயறு வாடை தங்கிவிடும். வாடையை உண்டாக்கும் நொதி சூட்டில்தான் சாகும். வடிகட்டிய பாலைப் பெரிய பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். கொதி வரும் முன்பே நுரைத்து மேலே வரும். அதைக் கொதித்துவிட்டதாக நினைத்து இறக்கினால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் பாலிலேயே நின்றுவிடும், வயிறு கடமுடா என்னும். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். துணியில் மிஞ்சும் சக்கையை அடை மாவில் சேர்த்துவிடலாம்.

ஓட்ஸ் பால் சூடு பட்டால் கொழகொழக்கும், அதன் மாவுச்சத்து அப்படி. முந்திரிப் பால் (50 கிராமுக்கு 400 மி.லி. தண்ணீர்) ருசியில் காபிக்கு நெருங்கி வரும், ஆனால் புரதம் சொற்பம். கடைப் பெட்டிகளில் இவற்றுக்குப் ‘பால்’ என்று பெயர் போட விதிமுறை இடம் தருவதில்லை. ‘பானம்’ என்று இருக்கும், ஏமாற வேண்டாம். சர்க்கரை சேர்க்காதது, சுண்ணாம்புச் சத்து சேர்த்தது என்று பார்த்து வாங்கி, குலுக்கி ஊற்றுங்கள். சேர்த்த சுண்ணாம்பு அடியில் படியும்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால் சுக்குக் காபியும் கருப்பட்டிக் கடுங்காபியும் எப்போதோ நம்மிடம் இருப்பவை. இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

தயிருக்கு என்ன செய்வது?

வேர்க்கடலைத் தயிர்தான் விலைக்கும் ருசிக்கும் கட்டுப்படியானது. 200 கிராம் பச்சை வேர்க்கடலை, முடிந்தால் கூட 30 கிராம் முந்திரி. நிறம் மாறியது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை நச்சு கொதித்தாலும் போகாது. 8 மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, 600 மி.லி. தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். சிறுதீயில் 10 நிமிடம் கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள், சீக்கிரம் அடிபிடிக்கும். விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 முதல் 45 டிகிரிக்கு ஆறியதும் உறை ஊற்றுங்கள்.

உறைக்குப் பால் கலக்காத தயிர்க் கிருமிப் பொடி கிடைத்தால் அதுவே உத்தமம். பச்சை மிளகாய்க் காம்பு எட்டுப் பத்து போட்டும் உறையும். ஆனால் காம்பில் எந்தக் கிருமி வரும் என்று சொல்ல முடியாது. முதல் ஈடு தண்ணீராக, ஒரு மாதிரி வாடையோடு வரும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றினால் கெட்டிப்படும். 8 முதல் 12 மணி நேரம் ஆகும். மேலே தண்ணீர் பிரிந்தால் அதிக நேரம் வைத்துவிட்டீர்கள், கலக்கி மோராக்கிக்கொள்ளலாம். உறையவே இல்லை என்றால் உறை ஊற்றும்போது சூடு அதிகம், கிருமி செத்துவிட்டது. இளஞ்சிவப்போ ஆரஞ்சோ படர்ந்திருந்தால் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

தயிர்சாதத்துக்கு இது பொருந்தும்: சோற்றைக் குழைய மசித்து, இஞ்சி, கடுகு, கருவேப்பிலை தாராளமாகத் தாளியுங்கள். மோர்க்குழம்புக்குத் தேங்காய் அரைத்த விழுது சேர்வதால் வித்தியாசம் தெரியாது. ஊற்றிய பின் கொதிக்கவிட்டால் மட்டும் திரிந்துபோகும்.

நெய், இனிப்பு?

பருப்புச் சோற்றுக்கு நல்லெண்ணெய். பொங்கலுக்கு நல்லெண்ணெயில் மிளகு, சீரகம், முந்திரி தாளித்தால் ருசி நிற்கும். நெய்க்குப் பதில் வனஸ்பதிக்குப் போகாதீர்கள். இனிப்பில் அதிரசம், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை ஆகியவற்றைப் பாலும் நெய்யும் இல்லாமலே செய்யலாம். தேங்காய்ப்பால் பாயசத்தில் கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வரும் முன் இறக்குங்கள். கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாக நிற்கும்.

முட்டைக்கும் கறிக்கும் மாற்று?

ஆம்லெட்டுக்குக் கடலை மாவு, வெங்காயம், மிளகு, இறக்கியபின் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. முட்டை வாசனை அந்த உப்பின் கந்தகத்தில் இருக்கிறது. கேக்கில் ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி, மூன்று கரண்டி தண்ணீர், 10 நிமிடம் ஊறல். ஆளிவிதைப் பொடி தினம் ஒரு கரண்டி வேறு வகையிலும் வேண்டும்: மீனை விட்டவர்களுக்கு ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு வரச் சுலபமான வழி அது. முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும்.

மீல்மேக்கரை உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகுதான் மசாலாவில் போடவேண்டும். பிழியாமல் போட்டால் உள்ளே மசாலா ஏறாது, வாடையும் போகாது. பலாக்காய்ச் சுக்கா கறி போலவே இருக்கும், புரதம் மட்டும் இருக்காது. சேனை, வாழைக்காய் வறுவலும் அப்படியே. கூட ஒரு பயறு வையுங்கள்.

வயிற்றில் வாயு தாங்க முடியவில்லை.

பயறை ஒரே வாரத்தில் மூன்று மடங்காக்கியிருப்பீர்கள். முழுப்பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். பாசிப்பருப்பில் தொடங்கி, பிறகு தட்டப்பயறு, கடைசியில் கொண்டைக்கடலை, ராஜ்மா. இஞ்சியும் பெருங்காயமும் சேருங்கள். மூன்று நான்கு வாரத்தில் குடல் பழகும்.

ஓட்டலிலும் கடையிலும் எதைக் கவனிக்க?

பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்லும். பாலும் தேனும் அதற்குள் உண்டு. இந்தியாவில் வீகன் உணவுக்குத் தனி முத்திரை 2021இல் வந்தது, விதிமுறைகள் 2022இல். முத்திரை இல்லாத பொட்டலத்தில் மில்க் சாலிட்ஸ், வே, கேசின் என்ற சொற்களைத் தேடுங்கள், எல்லாம் பாலிலிருந்து வருபவை. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

ஓட்டலில் இட்லி, மெதுவடை, இடியாப்பம், ஆப்பம், புளியோதரை, வத்தக்குழம்பு ஓரளவு பயமில்லாதவை. வெண்பொங்கல், கேசரி நெய். வெஜ் பிரியாணியில் தயிர் இருக்கும். பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது கடைக்குக் கடை மாறும். தோசைக்கு ‘எண்ணெய் மட்டும், நெய் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘வீகன்’ என்று கேட்டால் சர்வர் விழிப்பார். ‘பால், தயிர், நெய் சேர்ந்திருக்கா?’ என்று கேட்டால் பதில் வரும்.

தினமும் மருந்து சாப்பிடுகிறேன். மாறலாமா?

மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், ஏனென்றால் உணவு மாறினால் மருந்தின் அளவும் மாறவேண்டி வரலாம். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பி12-ஐக் குறைக்கும், ஆகவே இரட்டைக் கவனம். தைராய்டு மாத்திரைக்கும் சோயா, இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள அளவுகள் எதுவும் பொருந்தாது. பொட்டாசியமும் பாஸ்பரசும் அவர்களுக்குத் தனிக் கணக்கு.

உடம்புக்கு நல்லது என்று கடை உப்பை விட்டு முழுக்க இந்துப்புக்குப் போகிறவர்கள் பலர். மீனும் பாலும் போன பிறகு அயோடின் வருவது அயோடின் கலந்த உப்பிலிருந்துதான்.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

முடியும், ஆனால் தானாகத் திட்டமிட வேண்டாம். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பி12 தவறினால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஒரு வயதுக்குள் தாய்ப்பால், அது இல்லையென்றால் மருத்துவர் சொல்லும் குழந்தைப் பால்மாவு. வீட்டில் செய்த சோயா, முந்திரி, வேர்க்கடலைப் பாலை அந்த இடத்தில் வைக்கவே கூடாது.

அம்மாவும் மாமியாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். விருந்து, பிரசாதம் என்ன செய்வது?

பெரியவர்கள் பயப்படுவது பெரும்பாலும் ‘பிள்ளை இளைத்துப்போவான்’ என்றுதான். பரிசோதனைச் சீட்டைக் காட்டுங்கள். கொள்கையைப் பேசுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். தனிச் சமையல் கேட்காதீர்கள். தாளிக்கும் முன் ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொன்னால் போதும். நெய் சேர்வது கடைசியில்தான். கல்யாணப் பந்தியில் தயிர், மோர், பாயசம் தவிர்த்து எழலாம், யாரும் கவனிப்பதில்லை. பிரசாதத்தில் நெய் இருக்கும். கொலஸ்ட்ராலுக்காக மாறியவருக்கு ஒரு துளி சர்க்கரைப் பொங்கலால் ஒன்றும் ஆகாது. கொள்கைக்காக மாறியவர் வாங்கி, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

தெரியாமல் பால் கலந்ததைச் சாப்பிட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

விரதம் இல்லையே, முறிவதற்கு. அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். எந்தக் கடை, எந்தப் பண்டம் என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.